சங்கக் கொடியும் சேரித் தெருவும்



1997 மே 1 அன்று விருதுநகர் மாவட்டத்துக்கென்று ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. கட்டபொம்மனின் தளபதியாக நின்று மாண்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு அதற்குச் சூட்டியது. அன்று மே தினம். தேதியைப் பார்த்துத்தான் வைத்தார்களா, தற்செயலா என்பது நமக்குத் தெரியாது. பிறகு நடந்ததை இந்த அரங்கில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளர் சமூகத்தவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். பஸ்கள் மீது கல் விழுந்தது. திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்து ஊர்கள் பல வாரம் எரிந்தன. ஜூலையில் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் எல்லா மாவட்டங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரை ஒரேயடியாக நீக்கியது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுத்தால் அநியாயமாகத் தெரியும் அல்லவா? அதனால் கட்டபொம்மன் போனார், மருதுபாண்டியர் போனார், நம் மாவட்டப் பெயரிலிருந்து காமராஜரும் போனார். ஈரோட்டுக் கழகத்தின் பெயர் ஜீவா. வாழ்நாள் முழுதும் தொழிலாளிக்காக மேடையேறிய கம்யூனிஸ்ட்டின் பெயரும் சேர்ந்து அழிந்தது.

எங்களில் பலர் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு அந்த பஸ்களில்தான் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போய் வந்தோம். அந்த வயதில் எங்களுக்கு எழுந்த கேள்வி, கல்லெறிந்தவர்களைப் பற்றியது அல்ல. அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். டிப்போ வாசலில் எத்தனை சங்கப் பலகைகள் இருக்கின்றன, எத்தனை நிறத்தில் கொடிகள் பறக்கின்றன! டிரைவரும் கண்டக்டரும் மெக்கானிக்கும் தொழிலாளிகள்தானே. பெயரை அழித்த கையும் தொழிலாளியின் கைதானே. உழைப்பவர் எல்லாம் ஒரு சாதி என்று மே தினத்தில் பேசிய வாய், அதே மே தினத்தில் பிறந்த அந்தப் பெயருக்காக ஏன் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பின்னாளில் சமூகவியல் படித்தோம் என்று சொன்னாலும் தவறில்லை. பதில் 1997இல் இல்லை. 1921இல் இருக்கிறது.

இந்தியாவின் முறையான தொழிற்சங்கங்களில் முன்னோடி என்று நாம் பெருமையோடு சொல்லும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூரில் தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்னின்றார்கள். அவர்களுடைய நேர்மையைச் சந்தேகிக்க நம்மிடம் எந்தக் காரணமும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1921 மே மாதம் கர்நாட்டிக் மில்லில் கதவடைப்பு நடந்தது. ஜூனில் பக்கிங்காம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி அதில் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. நாட்டுக்கு வழிகாட்டிய சங்கம் முதுகெலும்பு முறிந்து கிடந்தது.

இந்தக் கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள், வெள்ளை நிர்வாகமும் அரசும் ஆதிதிராவிடர்களைப் பிரித்து ஆண்டன என்பார்கள். நம்மில் சிலர், எம்.சி. ராஜா சொன்னதைக் கேட்டு நம் மக்கள் புத்திசாலித்தனமாக நடந்தார்கள் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் பாதியில் நின்றுவிடுகின்றன. நிர்வாகம் பிரித்தது உண்மை. ஆனால் ஏற்கெனவே கோடு இருந்த இடத்தில்தான் கத்தி இறங்கும். வேலைநிறுத்தம் என்றால் சாதி இந்துத் தொழிலாளிக்கு ஊரில் ஒரு துண்டு நிலம், ஒரு சொந்தக்காரன், கடன் கொடுக்க ஒரு கடை இருந்தது. சேரியிலிருந்து வந்தவனுக்கு மில் சம்பளத்தை விட்டால் திரும்பிப் போக இருந்த ஒரே இடம், அவன் தப்பித்து வந்த பண்ணை. ஒரே நாள் கூலி இழப்பு இரண்டு பேருக்கும் ஒரே இழப்பு அல்ல. இந்தக் கணக்கை அந்தச் சங்கம் போட்டுப் பார்க்கவில்லை. நாங்கள் குற்றம் சாட்டுவது இதை மட்டும்தான். ஒற்றுமை வேண்டும் என்று கேட்டது, ஒற்றுமைக்கான செலவை யார் ஏற்பது என்று கேட்கவில்லை.

ஒரு சின்ன விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் சென்னை மாகாண அரசின் லேபர் கமிஷனர்தான் ஆலைத் தகராறையும் பார்த்தார், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றத்தையும் பார்த்தார். நம் பிள்ளைகளுக்கென அந்தத் துறை திறந்த பள்ளிக்கூடத்துக்கு லேபர் ஸ்கூல் என்று பெயர். அரசின் கோப்பில் தொழிலாளி என்ற சொல்லுக்கு ஆதிதிராவிடன் என்று பொருள் இருந்தது. சங்கத்தின் அகராதியில்தான் அந்தப் பொருளைக் காணோம்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. கோலார் தங்கவயல் தொழிலாளிகளில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ் தலித்துகள். 1930 ஏப்ரலில் கைரேகை வைத்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னதற்கு எதிராக அவர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்கவில்லை. அவர்களை வழிநடத்த அங்கே நிலைபெற்ற சங்கமே கிடையாது. தலித் தொழிலாளிக்குப் போராட்ட உணர்வு குறைவு என்று பெரம்பூரைக் காட்டிச் சொல்கிறவர்கள் தங்கவயலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

பெரம்பூர் எழுப்பிய கேள்விக்கு அரசியல் பதில் சொல்ல முயன்றவர் அம்பேத்கர். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். தீண்டத்தகாதவன் வாய் பட்ட நூலை நாங்கள் தொடுவதா என்று சொல்லி அந்தப் பிரிவில் நம்மவர்களைச் சேர்க்க விடவில்லை. விடாதவர் முதலாளி அல்ல, சக தொழிலாளி. 1928இன் மாபெரும் வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடை நீங்குவதையும் கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தலைவர்கள் அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார்கள். அவர் வேலைநிறுத்தத்துக்கு எதிரி என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். நாங்கள் அதை வேறு விதமாக வாசிக்கிறோம். ஒரு வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது வரியில் தன் பெயர் வருகிறது என்று பார்த்த முதல் தொழிற்சங்கச் சிந்தனையாளர் அவர்.

1936 ஆகஸ்டில் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். பெயரில் சாதி இல்லை, தொழிலாளி இருக்கிறான். 1937 தேர்தலில் 17 இடங்களில் நின்று 14இல் வென்றது. அவற்றில் மூன்று பொதுத் தொகுதிகள். கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டு வந்தது. 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான குடியானவர்களைப் பம்பாய்ச் சட்டசபைக்கு நடத்திச் சென்றது. அந்த விவசாயிகளில் மகர்களும் இருந்தார்கள், சாதி இந்துக்களான குன்பிகளும் இருந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை முடக்கும் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தியது. 1928இல் யாரோடு சண்டை போட்டாரோ அவர்களோடுதான் 1938இல் ஒரே மேடையில் நின்றார். தனிக் கொடியோடு நின்றார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்த 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், உழைப்பவருக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் என்று அவர் பேசியதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே உரையில் இருக்கும் ஒரு சாதாரண விவரம் எங்களுக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தலித் ரயில்வேயில் ஆயுள் முழுதும் கேங்மேனாகவே இருக்கிறான், போர்ட்டராகக்கூட ஆக முடியவில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் எடுபிடி வேலையும் பார்க்க வேண்டும், தீண்டத்தகாதவனை வீட்டுக்குள் விட முடியாது. சாதி கோயில் வாசலில் மட்டும் நிற்கவில்லை, பதவி உயர்வுப் பட்டியலுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொழிற்சங்கப் பிரச்சினை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். சாதி என்பது உழைப்பைப் பிரிப்பது மட்டுமல்ல, உழைப்பாளரையே படிவரிசையில் பிரிப்பது என்று விளக்கிய ‘சாதி ஒழிப்பு’ அச்சான ஆண்டு 1936. சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறந்ததும் அதே ஆண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவியதும் அதே ஆண்டுதான். மானாவாரிப் பருத்தியும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தண்ணீரும் இருந்த ஊரில், ஒரு சாதியின் நிலமும் சேமிப்பும் உறவும் ஆலை மூலதனமாக மாறின. இது ராஜபாளையத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல, கோவையும் மதுரையும் இப்படித்தான் வளர்ந்தன. மூலதனம் ஒரு சாதியின் உறவுவலை வழியாகத் திரண்டால், வேலையும் சாதியின் உறவுவலை வழியாகத்தான் பிரிக்கப்படும். மேஸ்திரி யாருடைய ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து புளோ ரூமா, ஸ்பின்னிங்கா, வாசல் கூட்டுவதா என்பது முடிவாகும்.

இந்தப் பக்கத்தில் சங்கம் கட்டியவர்கள் யார் என்பதிலும் நம் சிக்கல் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் மதுரை மகாலட்சுமி மில், மீனாட்சி மில் போராட்டங்களில் கம்யூனிஸ்டுகளோடு முன்னின்றவர்களில் முத்துராமலிங்கத் தேவரும் ஒருவர், சிறைக்கும் போனார். 1957 தேர்தலில் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவரும் அவரே. அன்று அது இரட்டை உறுப்பினர் தொகுதி. உடன் தேர்வானவர் காங்கிரசின் தலித் உறுப்பினர் ஆர்.எஸ். ஆறுமுகம். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தேவர் பின்னர் விடுதலை செய்யப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் அக்கறை தனி மனிதர் மீதான தீர்ப்பு அல்ல. ஆலை வாசலில் தொழிலாளர் ஒற்றுமை, கிராமத்துக்குத் திரும்பினால் சாதி ஒற்றுமை என்ற இரண்டும் ஒரே தலைமைக்குள் முரணில்லாமல் குடியிருக்க முடிந்ததே, அது எப்படி? மில் சங்கம் மில் கேட்டோடு நின்றுவிட்டதால்தான். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் ஊர் திரும்பும் தொழிலாளி எந்தத் தெருவழியாகப் போகலாம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பது சங்கத்தின் அஜெண்டாவில் ஏறவில்லை.

கேட்டைத் தாண்டிய ஓர் இயக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. 1940களில் தஞ்சையில் பி. சீனிவாசராவ் தலைமையில் எழுந்த விவசாயிகள் இயக்கம், கூலி உயர்வையும் சாணிப்பால் சவுக்கடியையும் ஒரே கோரிக்கைத் தாளில் எழுதியது. பண்ணையாளுக்கு நெல் மரக்கால் எவ்வளவோ, அவன் முதுகுத்தோலும் அவ்வளவு என்று அது புரிந்துகொண்டது. அதனால்தான் சேரிகள் அந்தக் கொடியைத் தங்கள் கொடியாக ஏற்றின. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தபோதும் அந்தக் கொடியை அவர்கள் இறக்கவில்லை. ஆனால் அந்த இயக்கத்தின் மேல்மட்டத் தலைமையில் சேரியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியைத் தஞ்சைத் தோழர்களே இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அம்பேத்கரின் சோசலிசத்தைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை நகர்த்த முடியாது. 1947இல் அவர் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ என்ற வரைவில், முக்கியத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும், நிலம் அரசுக்குச் சொந்தமாகி, சாதி பார்க்காமல் கூட்டுப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்கிறார். இதைச் சட்டசபைப் பெரும்பான்மையின் தயவுக்கு விடாமல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது அவர் வாதம். அது நடக்கவில்லை. ஆனால் சர்வாதிகாரம் இல்லாத சோசலிசம், தேர்தலால் கவிழ்க்க முடியாத சோசலிசம் என்ற இரண்டையும் ஒன்றாக யோசித்தவர் அவர். 1952 தேர்தலில் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு ஜெயப்பிரகாஷ் நாராயணின் சோசலிஸ்ட் கட்சியோடு கூட்டு வைத்தது. அவர் பம்பாயில் தோற்றார். அதே தேர்தலில் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா நம் திருவில்லிபுத்தூரில் தோற்றதையும், காமராஜர் இங்கிருந்து நாடாளுமன்றம் போனதையும் பெரியவர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள்.

அவர் சாதித்த ஒன்றை நம் உடம்பில் தினமும் உணர்கிறோம். தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்த காலத்தில், 1946இல், ஆலை வேலை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்புச் செய்தன, சங்கங்கள் தெருவுக்கு வந்தன. மூன்றே நாளில் அரசு அதை நிறுத்தி வைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 1938 நவம்பரில் பம்பாயில் சேர்ந்த அதே இரண்டு நீரோட்டங்கள் 85 ஆண்டு கழித்துச் சென்னையில் சேர்ந்தன. சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டுமா?

சட்டசபைக்குள் சேர்வது எளிது. திருவில்லிபுத்தூர் 2006இலும், தனித்தொகுதியான பிறகு 2011இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தேர்ந்தெடுத்த ஊர். வாக்குக்குக் கூட்டணி இருக்கிறது, ஷிப்டுக்குள் கூட்டணி இல்லை.

காரணம், தொழிலாளியே மாறிவிட்டாள். ‘மாறிவிட்டான்’ என்று எழுதத் தொடங்கி அடித்துத் திருத்தினோம். 1990களுக்குப் பிறகு தமிழ்நாட்டு நூற்பாலைகளில் நிரந்தரத் தொழிலாளி குறைந்தார். அவர் இடத்தில் சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்ற பெயர்களில் இளம்பெண்கள் வந்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம், மில் வளாகத்துக்குள்ளேயே விடுதி, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. அவர்களில் பெரும்பகுதி தலித் வீட்டுப் பிள்ளைகள் என்று கள ஆய்வுகள் சொல்கின்றன. நம் தெருக்களுக்கு ஆய்வு தேவையில்லை, மில் வேன் எந்தெந்தத் தெருமுனையில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். காகிதத்தில் இவர்களில் பலர் பயிலுநர். பயிற்சிச் சட்டத்தின் கீழ் வரும் பயிலுநரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது 2020இன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கமாக ஏற்கப்பட 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவு வேண்டும் என்கிறது அதே சட்டம். கணக்கெடுப்பில் இல்லாதவளின் கையெழுத்து 51இல் சேருமா?

பழைய சங்கங்களின் மேஜையை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். இங்கே ஒரு மில்லில் முப்பது ஆண்டு உழைத்த எங்கள் உறவினர் ஒருவர் ஒவ்வொரு சங்கத் தேர்தலிலும் துணைச் செயலாளராகவே தேர்வானார். கொடிக்கம்பம் நட்டார், உண்டியல் குலுக்கினார், ரிமாண்டுக்கும் போனார். கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தை அறைக்குள் ஒருமுறைகூட அவரை அழைத்துப் போகவில்லை. “மாமா, நீங்க ஏன் கேக்கல?” என்று கேட்டோம். “கேட்டா சாதியக் கொண்டாந்து நுழைக்கிறேன்னு சொல்லுவாங்கப்பா” என்றார்.

அந்த அறையைத் திறக்க முடியும் என்று காட்டியவர்கள் நமக்கு வடக்கே, திண்டுக்கல்லில் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதைக் குற்ற வழக்காக மட்டும் விடவில்லை, தொழிற்சங்கப் பிரச்சினையாக்கியது. ஆசிய அளவிலான அமைப்புகளையும் உலக அளவிலான அமைப்புகளையும் துணைக்குச் சேர்த்து, துணி வாங்கும் எச் அண்டு எம் போன்ற பன்னாட்டுக் கம்பெனியையும் மேஜைக்கு இழுத்தது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் எழுதப்பட்டது. 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளிகளே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். இதை முழு வெற்றி என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்குகிற கம்பெனியின் ஆர்டர் நின்றால் ஒப்பந்தத்தின் பலமும் குறையும். ஆனால் 1928இல் அரை மனதோடு சேர்க்கப்பட்ட அந்த வரி இங்கே முதல் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவர்கள் கோரிக்கை மனுவோடு வெளியே நின்றவர்கள் அல்லர், உள்ளே உட்கார்ந்தவர்கள்.

நம் அமைப்புகளுக்குள் இப்போது இரண்டு யோசனைகள் ஓடுகின்றன. இடதுசாரிச் சங்கங்களை விட்டு முற்றாக விலகித் தனிச் சங்கம் காண்பது ஒன்று, இருக்கும் சங்கங்களுக்குள் போய்ப் பொறுமையாக மாற்றுவது மற்றொன்று. எங்களுக்கு இரண்டிலும் நிறைவில்லை. முதலாவது, ஆலையில் சிறுபான்மையாக இருப்பவனை நிரந்தரச் சிறுபான்மையாக்கும். இரண்டாவது எங்கள் மாமாவின் முப்பது ஆண்டு. 1936க்கும் 1938க்கும் இடையில் அம்பேத்கர் செய்தது மூன்றாவது: தனியாக அமைப்பாவது, சேர்ந்து வேலைநிறுத்தம் செய்வது, சேரும் முன்பே நிபந்தனையை எழுத்தில் வாங்குவது.

ராஜபாளையத்தைச் சுற்றி சத்திரப்பட்டி, சங்கரபாண்டியபுரம், அய்யனாபுரம் பக்கம் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகளில் கூலி ஒப்பந்தம் முடியும் போதெல்லாம் தறி நிற்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் போராட்டம் தனியாக நடக்கிறது. மில் விடுதிப் பெண்களுக்குச் சங்கமே இல்லை. இந்த மூன்று இடத்திலும் வேலை பார்ப்பது பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள், சில வீடுகளில் ஒரே குடும்பத்துக்காரர்கள். மூன்று கோரிக்கைத் தாள்களையும் ஒரே திண்ணையில் வைத்து எழுத முடியாதா என்று தோழர் தன் கடைசி ஆண்டுகளில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் நினைவு நாள் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. விசைத்தறியின் அடுத்த ஒப்பந்தம் அதற்கு முன்பே வந்துவிடும். அந்தத் தாளில் முதல் வரியை யார் எழுதுவது என்று பேச, இந்தக் கூட்டம் முடிந்ததும் விசைத்தறித் தோழர்களும் தூய்மைப் பணித் தோழர்களும் பின்வரிசையில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மில்லிலிருந்து லீவில் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இரவு எட்டு மணிக்குள் வேன் போய்விடும், அவர்கள் முதலில் பேசட்டும்.